தொட்டுப் பார்த்துச் சொல்கிறவர்

சனிக்கிழமைதோறும் ஏசி ஃபில்டரைக் கழுவுவது ரிசப்ஷன் அக்காவின் வேலை. அந்த ஸ்கேன் சென்டரில் துப்புரவுக்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். தரை துடைப்பார்கள், கழிப்பறை கழுவுவார்கள், மெஷின் அறைக் கண்ணாடியைக்கூடப் பளிச்சென்று வைத்திருப்பார்கள். ஆனால் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் டிஸ்க் அறைக்குள் அவர்கள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவள் புருஷனின் உத்தரவு. ஆள் உள்ளே போனால் உடம்புச் சூடு அறையில் ஏறிவிடுமாம். பெண்டாட்டி உடம்பில் மட்டும் சூடு கிடையாது போலிருக்கிறது. ஆகவே சனிக்கிழமை மதியம் கூட்டம் வடிந்ததும் அவள்தான் ஸ்டூல் போட்டு ஏறி, ஏசியின் மூடியைத் திறந்து, இரண்டு ஃபில்டரையும் உருவிக்கொண்டு போய்க் குழாயடியில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஏசி ஒரு காலத்தில் அவள் மேஜைக்கு நேர் மேலே இருந்தது. நோயாளிகள் காத்திருக்கும் கூடம் அப்போது குளுகுளுவென்றிருக்கும். புருஷன் ஒருநாள் பெரிய டாக்டரிடம் போய், "சார், மனுஷனுக்கு வேர்த்தா துடைச்சுக்குவான். டிஸ்க்குக்குத் துடைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். சென்டரின் முதலாளியும், அங்கே எடுக்கும் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவரும் பெரிய டாக்டர்தான். படித்தவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு என்றால் ஒரு மயக்கம். ஒரு வாரம் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ரசித்தார். ஏசி கழன்று டிஸ்க் அறைக்குப் போனது. கூடத்துக்கு ஒரு ஃபேன் வந்தது. அது காற்றைவிடச் சத்தத்தைத்தான் தாராளமாகத் தந்தது.

"அக்கா, இங்க ஏசியே கிடையாதா?" என்று ரிப்போர்ட் உறையால் விசிறிக்கொண்டே கேட்பார்கள் நோயாளிகள்.

"இருக்கே. உள்ள நாலு பெட்டி படுத்திருக்கு, அதுங்களுக்குப் போட்டிருக்கோம்" என்பாள்.

புருஷனைச் சென்டரில் எல்லோரும் கைராசி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டம் பெரிய டாக்டர் கொடுத்தது. அது எப்படிக் கிடைத்தது என்பது அவளுக்குத்தான் தெரியும், ஏனென்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அவர் கம்ப்யூட்டர் கடை வேலையை விட்டுவிட்டு இங்கே புதிதாகச் சேர்ந்திருந்தார். படங்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி அவள் மேஜையை ஒட்டி ஜன்னலோரமாக இருந்தது. ஒரு மாதமாக அதற்குள்ளிருந்து கடக் கடக் என்று, யாரோ உட்கார்ந்து விரலுக்கு நெட்டி முறிப்பதுபோலச் சத்தம். அவள் கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைக்கு டிஸ்க்கைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மதியம் கைராசி வந்தார். ஜன்னல் வெயில் பெட்டியின் மேல் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்த நேரம். உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடி, நாடி பார்க்கிற தோரணையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ஒரு வாரம் தாங்காது" என்றார். வாரம் முடிவதற்குள் டிஸ்க் போய்விட்டது. "உனக்குக் கைராசிய்யா" என்றார் பெரிய டாக்டர். அந்தப் புகழ் ஆறுவதற்குள் கல்யாணப் பேச்சையும் அவரே எடுத்து, அவரே முடித்தும் வைத்தார். வெயிலில் கிடந்த பெட்டி சுடாமல் என்ன செய்யும் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். இருந்தாலும் அந்த வயதில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் ஆண் பிள்ளை கொஞ்சம் அழகாகத் தெரிந்துவிட்டார். அதற்கு யாரைக் குறை சொல்வது?

அதன் பிறகு அவர் தொட்டுப் பார்த்து ஆயுள் சொல்லாத பொருள் வீட்டில் இல்லை. ஃபிரிட்ஜின் முதுகு, எதிர்வீட்டு ஸ்கூட்டரின் எஞ்சின், சார்ஜ் ஏறும் செல்போன். ஃபிரிட்ஜுக்கு அவர் குறித்த கெடு முடிந்து மகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள், அது இன்னும் ஓடுகிறது. காலத்துக்கும் உழைக்கும் என்று அவர் தட்டிக்கொடுத்த வாஷிங் மெஷின் அந்த வருஷமே புகை விட்டது. "வோல்டேஜ்" என்றார். அவர் சொன்னது பலித்தால் கை, பலிக்காவிட்டால் வோல்டேஜ். இதைவிடப் பத்திரமான உத்தியோகம் உலகத்தில் வேறு கிடையாது.

"அப்பா, என் ஹால் டிக்கெட்டையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன். பாஸாவேனான்னு தெரிஞ்சுக்கலாம்" என்றாள் மகள் ஒருமுறை.

"கிண்டலா? அனுபவம்டி. இதெல்லாம் புஸ்தகத்துல வராது."

"வராதுதான். வந்திருந்தா அந்தப் புஸ்தகத்தையே எடைக்குப் போட்டிருப்பாங்க" என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே.

சென்டர் கம்ப்யூட்டரில் டிஸ்க்குகளின் உடல்நிலையைக் காட்டும் ஒரு புரோகிராம் இருந்தது. எத்தனை நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை இடம் உள்ளே பழுதாகியிருக்கிறது, எழுதும்போதும் படிக்கும்போதும் எங்கே தடுமாறுகிறது என்று வரிசையாகச் சொல்லும். கைராசி திரையில் அதன் ஜன்னலை இழுத்துச் சுருக்கி, வெப்பநிலை மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். "மத்ததெல்லாம் புது டிஸ்க் விக்கறதுக்காகக் கம்பெனிக்காரன் காட்டுற பூச்சாண்டி" என்பார். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எண்கள் வரிசையாக நிற்கும். காலையில் வந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார். பெண்டாட்டியின் முகத்தை அத்தனை அக்கறையாக அவர் பார்த்ததில்லை.

அந்த வரிசையில் ஒன்று மட்டும் அவர் நிம்மதியைக் கெடுத்தது. மேல்தட்டில் இருந்த பழைய டிஸ்க். ஏசி காற்று எட்டாத மூலையில் நாற்பதைத் தாண்டியே நின்றது. அது ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை, கேட்ட படத்தைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்தது. ஆனாலும் சூடு, சூடுதானே. போன வருஷம் அதற்குத் தண்டனை எழுதிவிட்டார். ஒரே கடையில், ஒரே அட்டைப் பெட்டியில் வந்த இரண்டு புது டிஸ்க் வாங்கினார். பழையதில் இருந்ததையெல்லாம் ஒன்றில் ஏற்றினார், மற்றதில் அதற்குக் காப்பி வைத்தார். இரண்டையும் ஏசிக்கு நேர் எதிரே பொருத்தினார். பழையதை அழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். "சீக்கிரம் போயிடும், அது வரைக்கும் உன் சீரியலை ஏத்திப் பாரு" என்று தானம் செய்தார். சமையலறைச் சுவரை ஒட்டி, டிவிக்குப் பின்னால், காற்றே இல்லாத சந்தில் அது போய் உட்கார்ந்தது. கை வைத்தால் சுடும். அவளுக்காக நாள் தவறாமல் மாமியார் மருமகள் சண்டைகளை ஓட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஃபில்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு இருமல் வந்தது. கை கழுவ வந்த பெரிய டாக்டர் நின்று கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி இருமுறே?"

"கொஞ்ச நாளாவே சார். இந்தத் தூசுதான்."

"எதுக்கும் படும்மா. ஒரு படம் எடுத்துடலாம்."

எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பக்கத்தில் மிளகு அளவில் ஒரு புள்ளி இருந்தது. பெரிய டாக்டர் திரையைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பயப்படாதே. ரெண்டு வருஷம் முன்னாடி உனக்கு நிமோனியா வந்தப்ப ஒரு ஸ்கேன் எடுத்தோமே, அதைப் பக்கத்துல வச்சுப் பாத்தாப் போதும். அப்பவும் இதே அளவு இருந்திருந்தா, பழைய தழும்பு. விட்டுடலாம். அப்ப இல்லாம இப்ப வந்திருந்தா, இல்ல வளர்ந்திருந்தா, ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

"நுரையீரல்லயா சார், ஊசி?"

"விலாவுக்கு நடுவுல. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல."

அவருடைய விலாவாக இல்லாதவரை அது பெரிய விஷயமில்லைதான்.

நிமோனியா சமயத்தில் அந்தப் படத்துக்கு ஃபிலிம் போட்டுத் தரவா என்று டெக்னீஷியன் கேட்டார். "எதுக்கு வீணா? நம்ம டிஸ்க்குல பத்திரமா இருக்கு" என்று கைராசிதான் தடுத்துவிட்டார். இப்போதும் அதே பெருமிதத்தோடு, "அஞ்சே நிமிஷம் சார்" என்று எழுந்து போனார்.

போனவர் வரவில்லை. அவள் போய் டிஸ்க் அறைக் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. அதற்குப் பின்னாலேயே அந்தச் சத்தமும் வந்தது. கடக் கடக். இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு அது அடையாளம் தெரிந்தது. கைராசி டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் குனிந்திருந்தார்.

"சூடே இல்லையே. இருபத்தொண்ணுதான் காட்டுது."

"நின்னுடுச்சா?"

"நிக்கல. யோசிக்குது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப் போடறே? காப்பி ஒண்ணு இருக்குல்ல, அதை எதுக்கு வச்சிருக்கேன்?"

இரண்டாவது டிஸ்க் திறந்துகொண்டது. பெயர்கள் வரிசையாக ஓடின. நடுவில் அவள் பெயர் வந்தது. அவளே கண்ணால் பார்த்தாள்.

"அதாங்க. அதை மட்டும் முதல்ல எடுத்து வேற எதுலயாவது போடுங்க."

"ஒண்ணொண்ணா நோண்டக்கூடாதும்மா, டிஸ்க் சூடாயிடும். முறைப்படி மொத்தத்தையும் புதுசுக்குக் காப்பி பண்ணிட்டு, அதுலேருந்து நிதானமா எடுத்துத் தர்றேன்."

"என்னுது ஒண்ணே ஒண்ணுதானே?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

காப்பி ஓட ஆரம்பித்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. பாதி வழியில் நின்றது. இந்த இரண்டாவது டிஸ்க் நெட்டிகூட முறிக்கவில்லை. ஓர் எச்சரிக்கை இல்லை, ஒரு முனகல் இல்லை. திரையிலிருந்து அதன் பெயரே காணாமல் போயிற்று. கைராசி அதை அணைத்துப் போட்டார், கழற்றி மாட்டினார், கடைசியில் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. பல வருஷப் பழக்கம், அவள் கை தானாக அந்தத் தோளை நோக்கிப் போனது.

"வோல்டேஜா இருக்குமோ" என்றார் அவர்.

போன கை பாதியிலேயே திரும்பி வந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமைக்கு ஊசிக்கு நேரம் வாங்கிவிட்டார். அதற்குள் பழைய படம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் ஊசி.

திங்கட்கிழமை இருவரும் டிஸ்க் மீட்டுத் தரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரன் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இருந்துகொண்டு, வெளியே நிற்பவர்களை மனிதர்கள் என்று முழுதாக ஒப்புக்கொள்ளாத பார்வை பார்த்தான். செத்த டிஸ்க்குகளோடு வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து அப்படி ஆகியிருக்கலாம். சென்டர் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த விவரத்தைக் கைராசி எடுத்து வந்திருந்தார். அவன் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"முதல் டிஸ்க்குல மாசக்கணக்கா மஞ்சள் எச்சரிக்கை காட்டியிருக்கே. பழுது இடம் ஏறிக்கிட்டே போயிருக்கு. யாரும் பாக்கலையா?"

"டெம்பரேச்சர் நார்மலா இருந்துச்சு தம்பி. இருபத்தொண்ணுக்கு மேல நான் விட்டதே இல்ல."

"பிணவறையும் அப்படித்தான் சார் இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிலையிலும் வந்தது.

"நாற்பது, நாற்பத்தஞ்சு வரைக்கும் டிஸ்க் சும்மா ஓடும் சார்" என்று அவன் மேலே சொன்னான். "ரொம்பக் குளிர வச்சா அதுவும் நல்லதில்ல. ரெண்டாவதுல எந்தக் குறியும் இல்ல, உண்மைதான். எங்கிட்ட வர்றதுல நிறைய அப்படித்தான், சொல்லாமக் கொள்ளாமப் போனது. ரெண்டும் ஒரே பெட்டியில வாங்கினதா?"

"ஆமா, ஒரே தரமா இருக்கணும்னு..."

"ஒண்ணாப் பொறந்து ஒண்ணா உழைச்சது, ஒண்ணாப் படுத்துடுச்சு. காப்பின்னா வேற இடத்துல வாங்கி வேற இடத்துல வைக்கணும் சார். இதுங்களுக்குப் பார்ட்ஸ் தேடணும். மாசம் ஆகும், கிடைக்கும்னும் சொல்ல மாட்டேன்."

கைராசி டிஸ்க்குகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். அவள் நகரவில்லை.

"அழிச்ச டிஸ்க்குலேருந்து எடுக்க முடியுமா?"

கடைக்காரன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அழிச்சதுக்கு மேல என்ன எழுதியிருக்கீங்க?"

"சீரியல்."

"எவ்வளவு?"

"பாதி ரொம்பியிருக்கும்."

"அப்ப மிச்சத்துல ஏதாவது தேறும். எந்தப் படம் தேறும்னு எங்கிட்டக் கேக்காதீங்க."

"அது உருப்படாத டிஸ்க்மா" என்றார் கைராசி. "நான் அப்பவே தீர்ப்பு சொல்லிட்டேன்."

"நீங்க வண்டியை எடுங்க" என்றாள் அவள்.

வீட்டுக்குப் போய் டிவிக்குப் பின்னால் கையை விட்டாள். காலையில் மகள் எதையோ பார்த்திருக்க வேண்டும், டிஸ்க் சுட்டது. கரித்துணியில் சுற்றி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள். வழியெல்லாம் தொடையில் அந்தச் சூடு இருந்துகொண்டே இருந்தது.

பிறகு காத்திருப்பு. மூச்சு விடுவது என்ற வேலையை அவள் இதுவரை யோசித்துச் செய்ததில்லை. இப்போது டோக்கன் கொடுக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் வலது பக்கம் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று உள்ளே ஒரு காது கேட்டுக்கொண்டிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. புதன்கிழமை அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது கைராசி வந்து அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார்.

"சூடு இல்ல. ஒண்ணும் இருக்காது."

"அந்த டிஸ்க்கும் சூடில்லாமத்தான் இருந்துச்சு."

கைராசி கையை எடுத்து, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதுபோல ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கடைக்காரன் ஒரு பென் டிரைவைக் கொடுத்தான். நிறையப் படங்கள் போய்விட்டன, மிச்சம் இதில் இருக்கிறது என்றான். பெரிய டாக்டர் ஒவ்வொன்றாக நகர்த்தினார். கழுத்திலிருந்து கீழே வரவேண்டிய நுரையீரல், இடையிடையே பக்கம் கிழிந்த புத்தகம்போல வந்தது. நாலு படம் இருக்கும், பத்துப் படம் இருக்காது. எந்த மருமகள் அழுத அழுகை அந்த இடத்தில் ஏறியதோ. கீழ்ப்பகுதி நெருங்க நெருங்க வெறும் இடைவெளியாக வந்தது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திடீரென்று ஒற்றைப் படம் வந்தது, வலது பக்கம், மிளகு.

"இதோ இருக்கு." பெரிய டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தார். "அப்பவும் இருந்திருக்கு. இதே அளவுதான் மாதிரி இருக்கு."

"மாதிரின்னா சார்?"

"இதுக்கு முன்னாடி பின்னாடி படம் இல்ல. இருக்கிறதை வச்சுச் சொல்றேன். ஊசி இப்ப வேணாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துப் பாப்போம்."

"அப்பவே இருந்துச்சுன்னா, அப்ப ரிப்போர்ட்டுல ஏன் சார் வரலை?"

பெரிய டாக்டருக்கு அந்த நேரம் பார்த்துச் செல்போனில் ஏதோ அவசரம் வந்துவிட்டது. அதைப் பார்த்து முடித்ததும் கைராசியின் தோளில் தட்டினார்.

"நல்ல வேளை, அந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடாம வீட்டுல வச்சிருந்தியே. கைராசி கைராசிதான்யா."

அவள் புருஷனைப் பார்த்தாள். இப்போதாவது வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள்.

"ஏதோ மனசுக்குப் பட்டுச்சு சார்" என்றார் அவர், தலையைச் சற்றுக் குனிந்து.

அன்றைக்கே அவள் இரண்டு படத்துக்கும் ஃபிலிம் போட்டு வாங்கி, வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் வடிந்தது. பழக்கத்தில் கால் அவளை டிஸ்க் அறைக்கு இழுத்துக்கொண்டு போனது, கையில் பல் பிரஷ். கைராசி உள்ளே இருந்தார். டிவிக்குப் பின்னால் இருந்த பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து, ஏசிக்கு நேர் எதிரே, இருப்பதிலேயே குளிர்ந்த தட்டில் பொருத்தியிருந்தார்.

"இவ்வளவு நாள் அந்தச் சூட்டுல கெடந்து கஷ்டப்பட்டுச்சு, பாவம். இனிமே ராஜா மாதிரி இருக்கட்டும்" என்றார். "நீ ஃபில்டரைக் கழுவிடு. காத்து குறையுது."

அவள் ஸ்டூலைப் பார்த்தாள், ஏசியைப் பார்த்தாள். ஒருமுறை இருமினாள். அவர் அதற்குள் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார்.

"இது இன்னும் பத்து வருஷம் ஓடும். எப்படிச் சொல்றேன்னு கேளு."

அவள் பல் பிரஷ்ஷை ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"கேளேன்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு, ஃபேன் இரைந்துகொண்டிருந்த கூடத்தின் வெக்கைக்கு அவள் போனாள்.